அடித்தளத்தில் இன்னும் ஒருவர்

புது மேனேஜருக்குப் பழசு என்றாலே ஆகாது.

"அந்த 'அடித்தளம்' வகுப்பு இன்னுமா போகல?" என்று வந்து நின்றார்.

ஆபீஸில் உள்ள எல்லாருடைய கம்ப்யூட்டர் கணக்கையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கும் சர்வர் அது. அதைக் கவனித்துக்கொள்பவள், வழக்கம்போலக் கால்களை நாற்காலிமேல் மடக்கிக்கொண்டு, அழிக்கும் பட்டனைத் தட்டிக் காட்டினாள். சர்வர் மறுத்துவிட்டது.

"ஒரே ஒருத்தர் கணக்கு இருந்தாலும் வகுப்பை அழிக்க விடாது சார்."

"வெள்ளம் புகுந்து அடித்தளத்தையே பூட்டியாச்சு. அங்க இருந்தவங்கதான் யாருமே இல்லையே?"

"அவங்க கணக்கையெல்லாம் நான்தான் அழிச்சேன் சார். ஒவ்வொண்ணா."

"அப்ப மிச்சம் இருக்கிறது பேயா?" மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஒருத்தங்க மட்டும் அன்னைக்கு புது கேபிள் எடுக்க மேல வந்திருந்தாங்க. இதோ வந்துடறேன்னு கீழே சொல்லிட்டுத்தான் வந்தாங்க."

"அட, பிழைச்சாங்களே! அவங்களை மாடி வகுப்புக்கு மாத்திட்டு இதை அழிச்சுடும்மா. ஒரு நிமிஷ வேலை."

"தினமும் சொல்லிப் பார்க்கிறேன் சார். மேல வரமாட்டேங்கறாங்க."

"நான் பேசறேன். எந்த சீட்ல இருக்காங்க?"

அவள் அந்தக் கணக்கைத் திறந்தாள். திரையில் வந்தது அவளுடைய போட்டோதான்.

மேனேஜர் தன்னையறியாமல் கீழே பார்த்தார். தரையில் சொட்டு ஈரம் இல்லை.

அவள் கால்களை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.