தொடையெலும்பில் ஒரு புள்ளி

ஸ்கேன் எடுக்கும் குளியலறைத் தரைதான், தவழும் வயதிலேயே நறுமுகையின் வலது தொடையெலும்பில் ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பதைக் கண்டு சொன்னது.

"மச்சம் மாதிரிதாம்மா, விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

அந்தப் பாழாய்ப்போன தரை விட்டால்தானே? தினமும் காலையில் புள்ளியை ஞாபகப்படுத்தி, தாய் பிரமிளாவைப் பயமுறுத்தியது. மகளை ஓடவிடாமல், குதிக்கவிடாமல், இடுப்பிலும் நாற்காலியிலுமே வைத்து வளர்த்தாள் அவள்.

பன்னிரண்டு வயதில், பள்ளி வேனிலிருந்து இறங்கும்போதே நறுமுகைக்குக் கால் முறிந்தது. பிரமிளா பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"அந்தப் புள்ளி இருக்கற காலாடி?" என்று மகளிடம் கேட்டாள்.

"இல்லம்மா, நல்ல காலு."

"ஓடியாடாம வளந்த பிள்ளைக்கு ரெண்டு கால் எலும்பும் அப்பளமாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர்.

மறுநாள், மாவுக்கட்டுப் போட்ட மகளைத் தூக்கிப்போய்க் குளியலறை முக்காலியில் உட்கார வைத்தாள் பிரமிளா. தரை வழக்கம்போல அன்பாகச் சொன்னது: "வலது தொடைப் புள்ளியில் மாற்றமில்லை."