குளிராத கால்கள்

பிஸ்கட்டவே ஊரில் காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஐடி வேலையோடு அபுதாஹிருக்கு இன்சூரன்ஸும் போனது. சுகருக்கு டாக்டரிடம் போவதும் நின்றது. காரையும் விற்றாயிற்று. இப்போது கிடங்கு வேலைக்கு சைக்கிளில்தான் போய் வந்தான்.

"கால் விறைச்சுப் போயிருக்குமே" என்று மனைவி மஹ்பூபா அவன் ஷூவைக் கழற்றினாள்.

"நீ சொன்ன மாதிரி ரெண்டு சாக்ஸுக்கு நடுவுல ப்ரெட் கவரைச் சுத்திக்கிட்டுப் போனேன். குளிரே தெரியல."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. போன மாதம் வரை கால் எரிகிறது, குத்துகிறது என்று முனகியவன், இப்போதெல்லாம் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

"மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கு. கொஞ்ச நேரம் வெந்நீர்ல காலை வைங்க."

டப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு கிச்சனுக்குப் போனாள். திரும்பி வந்தபோது, அவன் கால்களை உள்ளே விட்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான்.

"சூடு சரியா இருக்கு மஹ்பூபா. ரொம்ப இதமா இருக்கு. நாளைக்கும் ரெண்டு கவர் எடுத்து வை."

மஹ்பூபா டப்பைப் பார்த்தாள்.

டப்பில் இருந்தது வெறும் பச்சைத் தண்ணீர். வெந்நீர்க் கெட்டில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.