வியாழக்கிழமை நாற்காலி

"வியாழக்கிழமையானா எங்க போறீங்க?"

"ஆபீஸ்ல மீட்டிங்."

பச்சைப் பொய். அவன் கைபேசியில் எவளோ அனுப்பிய செய்தியை அவள் காலையிலேயே பார்த்துவிட்டாள்: 'உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். வந்துடுங்க.'

கட்டிய மனைவியிடம் ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவனுக்கு அங்கே ஒருத்தி நாற்காலி போடுகிறாள்! இரண்டு ஏலக்காயை வாயில் போட்டு மென்றபடி பின்தொடர்ந்தாள்.

மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் அறைக்குள் அவன் நுழைந்தான். கதவிடுக்கில் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். ஒரு பெண் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கையை எடுடி" என்று கத்தத்தான் கதவைத் தள்ளினாள். உள்ளே வட்டமாக எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பெண் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"புதுசா வர்றீங்களா? உக்காருங்கக்கா, கூச்சப்படாதீங்க. வீட்ல குடிக்கிறவங்களோட மல்லுக்கட்டுறவங்கதான் இங்க எல்லாருமே. எனக்கு என் புருஷன். அந்தப் பெரியவருக்கு அவர் மகன். உங்க வீட்ல யாரு குடிக்கிறாங்கக்கா?"

அவள் கணவனைப் பார்த்தாள். ஏலக்காய் தொண்டையில் கசந்தது.

"நான்தான்" என்றாள்.

ஆறு மாதத்தில் முதல் முறையாக அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.