என்ஜின் சூடாகும் நேரம்

மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. என்ஜினில் குறையே கிடையாது. போலீஸ்காரர்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவன் ஷட்டருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கையில் உறை இல்லை. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தான்.

"யார்கிட்டயாவது தள்ளி விட்டுடுங்க. இனி இது என் கண்ணுல படக்கூடாது."

மெக்கானிக் தலையை ஆட்டினார்.

நடந்தது ஊருக்கே தெரியும். போன வாரம் ஒரு காலையில் அவன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகக் கிளம்பினான். இருமல் ஏழெட்டு நாளாக அவளைத் தூங்கவிடவில்லை. முதலில் வண்டியைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டான். அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும் என்று, அதுவரை வண்டிக்கு முன்னால் கிடந்த பனியை மண்வாரியால் அள்ளினான்.

குறுகலான சந்து. அள்ளியதைப் பின்பக்கம் கொட்டினான்.

புகைக்குழாய் இருந்ததும் பின்பக்கம்தான்.

கால் மணி நேரம். வெளியே போக வழியில்லாத புகை வண்டிக்குள் ஏறியிருக்கிறது. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தானாம். இத்தனை நாள் கழித்துத் தூங்குகிறாளே என்று எழுப்பாமல் விட்டானாம்.

"எல்லாரும் என்னை ஒண்ணுதான் கேக்கறாங்க. அவ்வளவு நேரம் எதுக்கு ஓட விட்டேன்னு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீங்க சொல்லுங்க. இந்தக் குளிர்ல எவ்வளவு நேரம் ஓட விடணும்?"

மெக்கானிக் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் கறையே இல்லை. இன்னும் எதையும் தொட்டிருக்கவில்லை.

ஒரு நிமிஷம் போதும்.

அந்தக் காலத்து வண்டிகளுக்குத்தான் அவ்வளவு சீராட்டு. இப்போது வருவதைக் கிளப்பி, பெல்ட்டை மாட்டி, மெதுவாக எடுத்துப் போய்க்கொண்டே இருக்கலாம். ஓட ஓடத் தானே சூடாகும். இருபது வருஷமாக ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிவருகிறார். நிறுத்தி வைத்து உறும விட்டால் பெட்ரோல்தான் தண்டம் என்று சிலரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார்.

"பத்து நிமிஷம்," என்றார். "இந்தக் குளிருக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். உன் மேல தப்பில்ல."

அவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அழவில்லை. மூச்சை மட்டும் நீளமாக விட்டான்.

"இதை உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா மச்சான்? அவளை எடுத்துட்டுப் போனதுலேருந்து அவங்க என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறாங்க."

"சொல்றேன். எந்திரி மாப்ள. வீட்ல விட்டுடறேன்."

மெக்கானிக் தன் வண்டியைக் கிளப்பினார். பழக்கத்தில் கை கியருக்குப் போனது.

பக்கத்தில் இருந்தவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். பனி உள்ளே வந்து இருவர் மேலும் விழுந்தது. இருவரும் அதைத் தட்டிவிடவில்லை.

மூன்று நிமிஷம் ஆனது. நான்கு ஆனது.

தங்கைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு நிமிஷம் போதும் என்பது அவளுக்குத் தெரியும்.

புருஷனிடம் சொல்லியிருக்க மாட்டாள்.