மஞ்சள் காரின் இறக்கை

மழை விட்ட கீழ் கோத்தகிரி வளைவில், பின்பக்கம் வழுக்கிய மஞ்சள் கார் தேயிலைச் செடிகளின் மேல் ஏறி நிற்கிறது. தேயிலை பறிக்கும் சின்னம்மை சற்றுமுன் சாய்ந்திருந்த கொழுந்து மூட்டை டயருக்கடியில் பச்சைக் கூழாகக் கிடக்கிறது. கார்க்காரன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கையைக் கைக்குட்டையால் துடைத்தபடி போனில் அளக்கிறான்: "ஸ்பாய்லருக்கு ஒண்ணும் ஆகலைடா. நூத்தம்பதுல போனா காத்து பின்டயரை ரோட்டோட அமுக்கிப் பிடிக்கும். இங்க அறுபதுதான் வந்தேன், அதான் வழுக்கிருச்சு. இன்னும் வேகமா வந்திருக்கணும்." சின்னம்மை, செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து, சேறு சொட்டச் சொட்ட அந்த இறக்கைமேல் விரித்துக் காயப்போடுகிறாள்.

"ஏய், என்ன பண்றே?"

"வேகமாப் போனாத்தானுங்களே இதுக்கு வேலை? இப்ப சும்மாதான நிக்குது."