பழுதுபட்ட விளையாட்டுப் பெட்டி விற்பனைக்கு

“ஆறு பட்டன்ல ஒண்ணுதான்க்கா வேல செய்யுது. மத்த அஞ்சும் சும்மா அழகுக்கு.”

சுகுமாறன் உதட்டைப் பிதுக்கிக் காட்டினான். உள்ளுக்குள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தான். ‘பழுதுபட்ட விளையாட்டுப் பெட்டி, நானூறு ரிங்கிட்’ என்று கைப்பேசியில் விளம்பரம் பார்த்த அன்றே, சிரம்பானிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டு லாபு தோட்டத்து வீட்டைத் தேடி வந்துவிட்டான். பழைய சாமான்களை வாங்கித் துடைத்து, நாலு மடங்கு விலைக்குத் தள்ளுவது அவன் பிழைப்பு.

பெட்டி ஆளுயரம் இருந்தது. துணி அலமாரியின் பலகையை அறுத்துச் செய்தது. மேலே பழைய டிவி, இடுப்பு உயரத்தில் ஒரு ஜாய்ஸ்டிக், பக்கத்தில் இரண்டு வரிசையாகப் பட்டன்கள். முன்பெல்லாம் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு நின்றபடி ஆடுவார்களே, அச்சு அசல் அதே மாதிரி.

“யாருக்கா செஞ்சது?”

“எங்க வீட்டுக்காரரு.”

“அவரு எங்க?”

பெட்டியை விற்கவந்த லோகேஸ்வரி பெருமூச்சு விட்டாள். “அத ஏன் தம்பி கேக்குறீங்க.”

சுகுமாறன் அதற்குமேல் கேட்கவில்லை. ஐயோ பாவம் என்று ஒரு விநாடி நினைத்தான். அடுத்த விநாடி, அப்படியென்றால் பாதி விலைக்கே முடித்துவிடலாம் என்று நினைத்தான்.

“இந்த நெலமைல எரநூறுக்கு மேல தாங்காதுக்கா.”

“எடுத்துக்குங்க தம்பி. ஆனா ஒண்ணு. நேத்து நீலாய்லேருந்து ஒருத்தரு வந்து பாத்தாரு. உள்ள போர்டே போயிருச்சி, இது அடுப்புக்குத்தான் ஆவும்னு சொல்லிட்டாரு. அத மறைச்சி ஒங்க தலைல கட்டுனா பாவம் இல்லியா?”

“போர்டு போயிருந்தா அந்த ஒரு பட்டன் மட்டும் எப்படிக்கா வேல செய்யும்? அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலலா.”

“நீங்க சொல்றீங்க. அவருக்குப் பத்து வருசமா இதான் வேலயாம்.”

குத்த வேண்டிய இடத்தில் குத்திவிட்டது அந்த வார்த்தை. சுகுமாறன் வேனுக்குப் போய்ச் சாமான் பையோடு திரும்பினான். பெட்டியின் பின்பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டான். ஒட்டடையும் ஒரு செத்த பல்லியும் அவனை வரவேற்றன.

“இங்க பாருங்க. ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு ஒயரு. ஒண்ணு நேரா போர்டுக்குப் போவுது. இந்தக் கறுப்பு ஒயரு, ஒரு பட்டன்லேருந்து அடுத்ததுக்குக் கை கோத்த மாதிரி போவுது. மொதப் பட்டனத் தாண்டுன எடத்துல கை வுட்டுப்போச்சி. அதான் பின்னால உள்ள அஞ்சும் செத்துக் கெடக்கு.”

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான். பத்து வருசமா என்னத்தப் பாத்தாரோ அந்த நீலாய்க்காரரு.”

ஒயரின் முனையைச் சீவி, புது முனை போட்டுச் செருகினான். உடனே திரையிலிருந்த சண்டைக்காரன், யாரும் கை வைக்காமலே, வெறுங்காற்றை விடாமல் குத்த ஆரம்பித்தான்.

“என்ன தம்பி, பேய் புடிச்ச மாதிரி ஆடுறான்?”

நாலாவது பட்டனைக் கழற்றினான். அடியிலிருந்த சின்ன சுவிட்சுக்குள் எறும்புகள் குடும்பம் குட்டியோடு குடியிருந்தன.

“இதுமேல தேத்தண்ணி ஊத்துனீங்களா?”

“நானா ஊத்துனேன்? தம்ளரு இல்லாம அவருக்கு ஆட வராது.”

எறும்பு தின்ற சுவிட்ச் இனி உதவாது. தன் பையிலிருந்த புதுசு ஒன்றைப் போட்டான். எப்படியும் தன் வேனில் ஏறப்போகிற பெட்டிதானே.

பேய் ஓய்ந்தது. ஆனால் குத்து பட்டனை அமுக்கினால் சண்டைக்காரன் உதைத்தான். உதை பட்டனை அமுக்கினால் எகிறிக் குதித்தான். எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்று பெட்டிக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு மணி நேரம் போனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முட்டியில் தோல் உரிந்தது. இடையில் லோகேஸ்வரி வரக்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இன்னொரு ஆளா இருந்தா எப்பவோ ஓடியிருப்பாரு” என்றாள். அவன் இன்னும் வேகமாக வேலை செய்தான்.

“இப்ப நீங்களே ஆடிப் பாருங்கக்கா.”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஆடினாள். குத்து குத்தாக விழுந்தது, உதை உதையாக விழுந்தது. மூன்று பேரை வரிசையாகச் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரு கொறையும் இல்ல தம்பி. ஒங்க கை ராசியான கை.”

சிரம்பானில் ஒரு காப்பிக் கடைக்காரர் இப்படி ஒரு பெட்டிக்கு ஆயிரத்து ஐந்நூறு தருவதாகச் சொன்னது சுகுமாறனின் நினைவில் இனித்தது. “கயிறு எடுத்தாறேன்க்கா. ஏத்திக் கட்டிருவோம்” என்று வெளியே ஓடினான். வேனின் பின்கதவைத் திறந்து, உள்ளே கிடந்த பழைய மேசைக் காற்றாடிகளை ஒதுக்கி இடம் செய்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

வீட்டின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே கைலி கட்டிய ஓர் ஆள், நைட் ஷிப்ட் தூக்கம் கலையாத முகத்தோடு, பெட்டியின் முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தார்.

“ஜாய்ஸ்டிக்க லுக்குட்காரரு பாத்தாரு, சத்தத்த நீலாய்க்காரரு பாத்தாரு, பட்டன இவரு முடிச்சிட்டாரு” என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே. “லோகு, அந்த விளம்பரத்த எடுத்துட்டு, நாளைக்கு நம்ம வாஷிங் மிஷின் படத்தப் போட்டுரு.”