ஆற்றங்கரையில் கூடாரம்

லாவோஸ் காட்டுப் பாதைகளை மோட்டார் சைக்கிளில் சுற்றிவர சயன் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான். சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் பொதி ஏற்றும் வேலை முடித்து வந்த அப்பா தில்லைநாதன், மடிக்கணினியில் விரிந்திருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"தாய்லாந்து எல்லையில, இந்த ஆத்தங்கரையில கூடாரம் அடிக்கப் போறன், அப்பா."

"அதில வேண்டாம். மழை பெய்தால் ஆறு சடாரெண்டு ஏறிவிடும். பின்னால மூங்கில் காட்டுக்குள்ள ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கு. அதால மேல போ."

"வரைபடத்தில அப்பிடியொரு பாதை இல்லையே!"

தில்லைநாதன் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"ஓ, அகதியாய் சுவிசுக்கு வரேக்க ஏஜென்ட் உங்களை அந்தப் பக்கத்தாலதானே கூட்டிக்கொண்டு வந்தவன்!" சயன் சிரித்தான். "கூட வந்த கேதீஸ் சித்தப்பா, வழியில ஆரோ ஒருத்தியோட ஓடிப்போயிட்டார் எண்டு சொன்னனீங்கள். ஆளைக் கண்டால் என்ன சொல்ல? சித்தி முப்பது வருசமாய்த் திட்டிக்கொண்டிருக்கிறா எண்டு சொல்லவோ?"

கழற்றிய சப்பாத்து தில்லைநாதனின் கையிலேயே இருந்தது.

"அந்த ஆத்தங்கரையில கூடாரம் அடியாதை, தம்பி. ஒரு கற்பூரம் கொளுத்து. காய்ச்சலில எழும்பேலாமல் கிடந்தவனை அதில விட்டிட்டு ஓடினது நான்தான்."